கருமணல், கால்வலி, கரிமிளகு

சென்ற இதழில், மகள் குடும்பத்தோடு இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவில் நான்கு நாள் சுற்றிய கதையை எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் ஐரோப்பாவில் பாதி வீடுகளில் நம்மவர்கள்தான் குடியிருக்கிறார்கள் போலும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். திட்டி எழுதியவருக்கும் பதில் உண்டு.

கேள்வி: வியாழக்கிழமை அரசு விடுமுறை. வெள்ளிக்கு விடுப்புப் போட்டால் நான்கு நாள் கிடைக்கும். ரோம், பொம்பெய், வெசூவியஸ் உச்சி, காப்ரி தீவு, அமால்ஃபி கடற்கரை என்று திட்டம். 6, 11 வயதில் இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து என் பெற்றோரும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. எல்லாவற்றையும் பார்க்க முடியுமா? (மியூனிக்கிலிருந்து ஒரு வாசகர்)

தாராளமாக முடியும், ரயில் ஜன்னல் வழியாக. இறங்கிப் பார்க்கத்தான் நேரம் இருக்காது.

என் மாப்பிள்ளையும் இப்படித்தான் அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி ஓர் அட்டவணை தயாரித்திருந்தார். அதில் பச்சைக் கட்டம் ஒன்று: 'இளைப்பாறுதல், 20 நிமிடம்'. முதல் நாள் மாலையே பேரனுக்குப் புதுச் செருப்பு கடித்துவிட்டது. நேப்பிள்ஸ் நகரத்தின் ஏதோ ஒரு சந்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பிடித்துக்கொண்டு, இனி ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன் என்றான். மாப்பிள்ளை அட்டவணையைப் பார்த்தார். அழுகைக்குக் கட்டம் ஒதுக்கியிருக்கவில்லை.

ரோமை விட்டுவிடுங்கள். ஒரே ஊரில், ஒரே அறையில் மூன்று இரவும் தங்குங்கள். பெட்டியை ஒரு தடவை பிரித்து, ஒரு தடவை கட்டினால் போதும். நாங்கள் நேப்பிள்ஸில் மொந்தேசாந்தோ நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினோம். காரணம் அழகல்ல, ரயில். அங்கிருந்து கும்மானா என்ற சிறு ரயில் மேற்கே பொட்ஸுவோலிக்குப் போகிறது. அதே இடத்தில் மெட்ரோ ஏறினால் கரிபால்தி நிலையம்; அங்கிருந்து கிழக்கே ஹெர்குலேனியம், பொம்பெய் (இரண்டும் எரிமலை புதைத்த பழைய ரோமானிய ஊர்கள்), சொர்ரெந்தோ வரை சிர்கும்வெசூவியானா ரயில். மொத்த வளைகுடாவும் இந்த இரண்டு ரயில்களின் கைக்குள் இருக்கிறது.

எங்கள் கணக்கு இதுதான். வியாழன் வந்து சேர்வதும் உறங்குவதும். வெள்ளி ஹெர்குலேனியம். சனி பொட்ஸுவோலியும் பக்கத்து ஊரான பாயாவும். ஞாயிறு காலை நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகம், இரவு விமானம். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காப்ரிக்குப் போகவில்லை, வெசூவியஸிலும் ஏறவில்லை. 1281 மீட்டர் எரிமலையில் பஸ் பெரும்பகுதி தூரம் கொண்டுபோய் விட்டாலும், கடைசி ஏற்றம் சரளைக்கல்லில் அரை மணி நடை. உங்கள் அப்பாவின் முழங்காலை நினைத்துப் பாருங்கள். மலை ஊரின் எல்லா மூலையிலிருந்தும் தெரிகிறது; டிக்கெட்டும் வேண்டாம்.

கேள்வி: பொம்பெய்யை விட்டுவிட்டு ஹெர்குலேனியம் போனதாக எழுதியிருந்தீர்கள். அவ்வளவு தூரம் போய் இப்படிச் செய்யலாமா? (டப்ளின் வாசகி)

என் தங்கையும் இதைத்தான் கேட்டாள். நான் பொம்பெய்யை முன்பே பார்த்தவள், அதனால்தான் சொல்கிறேன்.

பொம்பெய் ஒரு முழு நகரம். 66 ஹெக்டேர் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தெருக்களில் பாவிய கல் ஒவ்வொன்றும் யானை முதுகு போல வளைந்திருக்கும். மே மாதம் பதினொரு மணி வெயிலில் ஒதுங்க ஒரு மரத்தடி தேட வேண்டும். வரலாறு படித்தவர்களுக்கு அது சொர்க்கம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இடிந்த சுவர், அடுத்து இடிந்த சுவர், அதற்கடுத்தும் இடிந்த சுவர்.

ஹெர்குலேனியம் கைக்கடக்கமானது. இரண்டரை மணி நேரம் நிதானமாக நடந்தால் பெரும்பாலும் பார்த்துவிடலாம். ஏர்கொலானோ ஸ்காவி நிலையத்தில் இறங்கி, கடலை நோக்கிச் சரியும் நேர்த்தெருவில் பத்து நிமிடம் நடந்தால் வாசல். திரும்பும்போது அது ஏற்றம் என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது காற்று தென்கிழக்கே அடித்தது. பொம்பெய்யின் மேல் மணிக்கணக்காக நுரைக்கல் மழை பெய்து, பாரம் தாங்காமல் கூரைகள் இறங்கின. ஹெர்குலேனியத்தில் அன்று பகலில் பெரிதாக ஒன்றும் விழவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு கொதிக்கும் வாயுவும் சாம்பலும் மலையிலிருந்து உருண்டு வந்து ஊரை மூடின. 20 மீட்டர் ஆழம் வரை மூடி, இறுகிக் கல்லாகிவிட்டது. அந்தச் சூட்டில் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி, காற்றுப் புகாமல் அப்படியே நின்றது. அதனால்தான் பொம்பெய்யில் பெரும்பாலும் அழிந்துபோன உத்திரம், மாடி, கட்டில், குழந்தைத் தொட்டில் எல்லாம் இங்கே கிடைத்தன.

ஒரு வீட்டில் கூடத்தையும் உள்ளறையையும் பிரிக்கும் மரத் தடுப்பு ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. சிரட்டைக் கரியின் அதே கருப்பு, அதே மங்கிய மினுக்கம். பலகையில் தச்சன் இழைத்த விளிம்புகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. விளக்கு வைக்க வெண்கலத் தாங்கிகளும் உண்டு. பேரன் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது கேட்குமா பாட்டி?" என்றான். அதுவரை இடிந்த சுவர்களுக்கு நடுவே சலித்துப்போய் வந்தவன், அந்த ஒரு கதவால் அது வீடு என்று கண்டுகொண்டான்.

பொம்பெய்யேதான் வேண்டும் என்றால் பியாட்ஸா ஆம்ஃபிதெயாத்ரோ வாசல் வழியாக நுழையுங்கள். அங்கிருந்து மாரினா வாசல் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் சமதளப் பாதை அமைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியும் போகும். நாளொன்றுக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயர் அச்சாகும். முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போங்கள். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களிலும் அகழ்விடங்களிலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், கட்டணம் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம். இலவசம் என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பொம்பெய்யில் லட்சுமி சிலை கிடைத்தது உண்மையா? வாட்ஸ்அப்பில் வந்தது. (பாசெல் வாசகர்)

சிலை கிடைத்தது உண்மை. லட்சுமி என்பதுதான் சந்தேகம்.

1938-இல் பொம்பெய்யின் ஒரு வீட்டில் கிடைத்தது. தந்தத்தில் செதுக்கிய, சுமார் 25 சென்டிமீட்டர் உயரப் பெண் உருவம். இரு பக்கமும் சிறிய பணிப்பெண்கள். கண்டெடுத்தவர்கள் லட்சுமி என்று நினைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. யட்சியாக இருக்கலாம் என்பதே இன்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. தலை உச்சியில் ஒரு துளை இருப்பதால் கண்ணாடிக் கைப்பிடியாகவோ மேசைக் காலாகவோ இருந்திருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். எதுவானாலும் இந்தியாவில் செய்து கடல் கடந்து போன பொருள், 79-க்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

பார்க்க விரும்பினால் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் 'ரகசிய அறை' என்ற பகுதிக்குப் போக வேண்டும். பொம்பெய்யின் சிற்றின்ப ஓவியங்களையும் சிலைகளையும் அங்கேதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 14 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர்களோடுதான் நுழையலாம். நாங்கள் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் மொசைக் கூடத்தில் விட்டுவிட்டு, நானும் மகளுமாகப் போனோம். தாயும் மகளும் சுவர்களைப் பார்க்காமல் நேரே நடந்து போய் ஒரு சிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய காட்சியைக் காவலர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியவில்லை.

கேள்வி: இத்தாலிக்குப் போய் மிளகைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கே போனாலும் நம் பெருமையைத் தேடுவது ஒரு நோய். (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

நோய் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தடவை மிளகை நான் தேடிப் போகவில்லை, அதுதான் வழியில் நின்றது.

பொட்ஸுவோலி இன்று நேப்பிள்ஸுக்கு மேற்கே ஒரு மீன்பிடி ஊர். ரோமானியர் காலத்தில் பெயர் புத்தியோலி. கிழக்கிலிருந்து வரும் சரக்கு இறங்கும் பெரிய துறைமுகம். சேர நாட்டுக் கரையில் ஏறிய மிளகு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதி வழியாக அலெக்சாந்திரியாவுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இந்தத் துறைக்கு வந்தது. எதிரே தெரியும் மிசேனும் முனையில் ரோமானியக் கடற்படைத் தளம். அதன் தளபதியாக இருந்த மூத்த பிளினிதான் மிளகின் விலையை எழுதி வைத்தவர்: ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியுஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), வெண்மிளகு 7. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் காசுகளைக் கொண்டுபோகிறது என்று புலம்பியவரும் அவரே. வெசூவியஸ் வெடித்தபோது தவிக்கும் மக்களை மீட்கக் கப்பல்களோடு போனார்; ஸ்தாபியே கடற்கரையில் இறந்தார். மிளகு விலைக்கு முணுமுணுத்த ஆள் அப்படி ஒரு முடிவைத் தேடிக்கொண்டார் என்று படித்த பிறகு, அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை.

மிளகுக்கு எதிர்ச்சரக்காக இந்தியாவுக்குப் போனது மது. இந்த வளைகுடாப் பகுதியில் வனைந்த மதுச்சாடிகளின் களிமண்ணில் எரிமலைக் கருமணல் கலந்திருக்கும். உடைத்துப் பார்த்தால் சிவப்பில் கறுப்புப் பொடி தூவியதுபோல் இருக்கும். அரிக்கமேட்டிலும் கேரளத்தில் பட்டணம் என்ற ஊரிலும் கிடைத்த சாடித் துண்டுகளை இந்தக் கருமணலை வைத்துத்தான் நேப்பிள்ஸ் பக்கத்தவை என்று அடையாளம் கண்டார்கள். பொட்ஸுவோலிக் கரையில் பேத்தி பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த மணல் சாம்பலும் கருப்புமாக, வெயிலில் ஊசிமுனையாய் மின்னியது. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பெருமையாக ஒன்றும் தோன்றவில்லை. கொரகொரவென்று இருந்தது, கையை உதறியும் போகவில்லை.

மிளகு பிடிக்காவிட்டால் போகட்டும், துறைமுகத்துக்குப் பின்னால் பழைய சந்தையின் மூன்று பளிங்குத் தூண்களையாவது பாருங்கள். கம்பி வேலி ஓரமாக நின்றால் சாலையிலிருந்தே தெரியும். செராபிஸ் என்ற எகிப்துத் தெய்வத்தின் சிலை கிடைத்ததால் வெகுகாலம் கோவில் என்றே நினைத்திருந்தார்கள். தூண்களின் அடியும் உச்சியும் வழவழவென்று இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் சுற்றிலும் பொத்தல் பொத்தலாக இருக்கிறது. கடலில் மட்டுமே வாழும், கல்லைத் துளைக்கும் சிப்பியின் வேலை அது. அப்படியானால் தூண்கள் நின்ற நிலையிலேயே அந்த உயரம் வரை கடலில் மூழ்கி, பிறகு மேலே வந்திருக்க வேண்டும். தூண் விழவில்லை, தரைதான் இறங்கி ஏறியிருக்கிறது. 1830-இல் நிலவியல் அறிஞர் சார்லஸ் லையல் தம் நூலின் முகப்பில் இந்தத் தூண்களின் படத்தைத்தான் போட்டார். பேரன் பொத்தல்களை எண்ணத் தொடங்கி, எழுபதில் விட்டுவிட்டான்.

கேள்வி: அப்படித் தரை ஏறி இறங்கும் ஊருக்குப் பிள்ளைகளோடு போகலாமா? (கோபன்ஹேகன் வாசகி)

நியாயமான பயம். பொட்ஸுவோலி உட்கார்ந்திருப்பதே ஓர் எரிமலைப் பள்ளத்தில். பெயர் காம்பி ஃப்ளெக்ரேயி. 1982 முதல் 1984 வரை தரை 1.8 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. சில ஆண்டுகளாக மறுபடியும் உயர்ந்து வருகிறது, சிறு நடுக்கங்கள் அடிக்கடி உண்டு. 2024 மே மாதம் 4.4 அளவில் ஒன்று வந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதோடு வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குச் சமாதானம் ஆகாது. கிளம்பும் முன் வெசூவியஸ் ஆய்வகத்தின் அறிக்கையைப் பாருங்கள். மனசு ஒப்பாவிட்டால் சனிக்கிழமைக்குத் தெற்கே பேஸ்டம் போங்கள். புல்வெளி நடுவே மூன்று கிரேக்கக் கோவில்கள், 2500 ஆண்டு வயது. பிள்ளைகள் ஓடி விளையாட அவ்வளவு இடம் வேறெங்கும் கிடைக்காது. சொல்ஃபதாரா என்ற புகைக் குழியைப் பற்றிப் பழைய பயண நூல்களில் இருக்கும். 2017-இல் நடந்த விபத்துக்குப் பிறகு மூடிவிட்டார்கள்.

எனக்கு நடுக்கத்தைவிட ஜேப்படிதான் கவலை. சிர்கும்வெசூவியானா ரயிலில் கூட்டம் நெருக்கும். பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், அழகு பார்க்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பீட்ஸாவைத் தவிர ஏதாவது உண்டா? (ரோட்டர்டாம் வாசகர்)

உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பன்றி இருக்கும். மிளகும் பாதாமும் சேர்த்துச் சுட்ட தாரல்லி என்ற வளைய முறுக்கு பார்க்க நம் பலகாரம் போலவே இருந்தது. இரண்டு வாங்கி, ஒன்றைக் கடித்த பிறகுதான் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்று கடைக்காரம்மா சைகையில் சொன்னார். ஸ்ஃபோலியத்தெல்லா இனிப்பிலும் பல கடைகளில் அதே கொழுப்புதான். பயறு போட்ட சூப்பில் கறித்துண்டு மிதக்கலாம். "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா ஸ்த்ருத்தோ" (கறி, மீன், பன்றிக் கொழுப்பு வேண்டாம்) என்று மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கொண்டைக்கடலை பாஸ்தா, கத்திரிக்காய் பார்மிஜானா, வாட்டிய குடைமிளகாய் இவற்றில் வயிறு நிறையும். பாலாடைக்கட்டியில் விலங்கு நொதி சேர்ப்பார்கள் என்பதால் அதையும் தவிர்ப்பவர்கள், தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா பீட்ஸா கேளுங்கள். பில்லில் ஆளுக்கு ஓரிரு யூரோ 'கொபெர்த்தோ' என்று வரும். மேசைக்கான கட்டணம் அது. சண்டை போட வேண்டாம்.

கேள்வி: ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு ஜெர்மனி தந்த விசா இருக்கிறது. இத்தாலிக்குத் தனி விசா வேண்டுமா?

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா என்றால் வேண்டாம். ஒற்றை நுழைவு விசாவானாலும் ஷெங்கன் எல்லைக்குள்ளேயே போய் வருவதால் சிக்கல் இல்லை. பாஸ்போர்ட்டைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். விடுதியில் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் பதிவு செய்வார்கள். லண்டன் வாசகர்கள் கவனிக்க: பிரிட்டிஷ் விசா இங்கே செல்லாது.

கேள்வி: கார் எடுத்துக்கொண்டால் வசதியாக இருக்காதா? அமால்ஃபி சாலையில் ஓட்ட ஆசை. (வியன்னா வாசகர்)

என் மாப்பிள்ளைக்கும் ஆசை இருந்தது. ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக் கார் எடுத்தார். நகரத்துக்குள் ஒரு மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எழுத்து ஓடியது. 'அத்தீவோ' என்றால் இயங்குகிறது, ஆகவே வழி திறந்திருக்கிறது என்று பொருள் சொல்லி உள்ளே விட்டார். இயங்கிக்கொண்டிருந்தது கேமரா. உள்ளூர் அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாத பகுதி அது. ஐந்து மாதம் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வந்தது. அதற்கு முன்பே, எங்கள் முகவரியைக் காவல்துறைக்குத் தந்த சேவைக்காக வாடகை நிறுவனம் தன் பங்கைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இப்போதும் வீட்டில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், மகள் மெதுவாக "அத்தீவோ" என்பாள்.

அமால்ஃபி சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், எதிரே சுற்றுலா பஸ். போதாததற்குக் கோடை வாரக் கடைசிகளிலும் விடுமுறை நாட்களிலும் வெளியூர் வண்டிகளுக்கு எண்பலகையின் கடைசி இலக்கப்படி ஒற்றைப்படை, இரட்டைப்படை முறை உண்டு. சலேர்னோ வரை ரயில், அங்கிருந்து படகு. 35 நிமிடத்தில் அமால்ஃபி. ஓட்டுபவரும் கடலைப் பார்க்கலாம்.

கேள்வி: அந்த மக்கள் ஏன் ஓடிப்போகவில்லை? (பாரீஸிலிருந்து ஒரு வாசகி, வயது 10)

நல்ல கேள்வி கண்ணே. நிறையப் பேர் ஓடினார்கள். மலையிலிருந்து புகை எழும்பியது பகலில். பெரிய வெப்பம் வந்தது நள்ளிரவுக்கு மேல். இடையில் பல மணி நேரம் இருந்தது. ஆனால் அந்த மலை எரிமலை என்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதன் சரிவில் திராட்சைத் தோட்டம் போட்டிருந்தார்கள்.

ஹெர்குலேனியத்தில் சிலர் கடற்கரைக்கு வந்து, படகு நிறுத்தும் வளைவுக் கொட்டகைகளில் ஒதுங்கிப் படகு வரக் காத்திருந்தார்கள். வரவில்லை. அங்கே 1980 முதல் நடந்த அகழ்வில் சுமார் 300 பேருடைய எலும்புகள் கிடைத்தன. நீ போனால் அங்கே அந்த எலும்புக்கூடுகளின் வார்ப்புகளைப் பார்ப்பாய். முன்னாலேயே அம்மா அப்பாவிடம் பேசிவிட்டுப் போ. அவர்கள் கையோடு எடுத்து வந்த பொருள்களும் கிடைத்தன: கொஞ்சம் காசு, மோதிரங்கள், ஒரு வைத்தியருடைய கருவிகள். வீட்டுச் சாவிகளும் இருந்தன.